பூவிலும் இலையிலும் என்ன இருக்கிறது?

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் கட்டிக்கொண்டால் மார்பில் குண்டுமல்லியை வைத்துக் கட்டுவது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். இரண்டு மூன்று நாளில் பால் வற்றிவிடும் என்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். தாய்மார்களில் ஒரு பகுதியினருக்குப் பூவைக் கட்டினார்கள். மற்றவர்களுக்கு அக்காலத்தில் பால் வற்றக் கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையைக் கொடுத்தார்கள். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் எவ்வளவு குறைகிறது, மார்பு எந்த அளவுக்குக் கட்டிக்கொள்கிறது, வலி மாத்திரை எத்தனை தேவைப்படுகிறது என்று கணக்கு வைத்தார்கள்.

1988இல் முடிவு வெளியானது. புரோலாக்டினைக் குறைப்பதில் மாத்திரை முந்தியது. ஆனால் தாய் உணரக்கூடியவற்றில், பால் வற்றுவதிலும் வலி தணிவதிலும், பூ மாத்திரைக்குச் சளைக்கவில்லை. மாத்திரை எடுத்த சிலருக்குப் பிற்பாடு பால் திரும்பவும் சுரந்தது. ஏழைத் தாய்மார்களுக்குப் பூவே போதும் என்ற அளவுக்கு அந்த ஆய்வு பேசியது. புரோமோகிரிப்டினோ, பக்கவாதம், வலிப்பு போன்ற ஆபத்துகள் தெரியவந்ததால், 1990களின் நடுவில் அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

வீட்டுச் செடிகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த ஆய்வைத்தான் நான் முதலில் சொல்வேன். ஊர் சொன்னதை எடுத்துக்கொண்டு, அதற்கு எதிரே இன்னொரு மருந்தை நிறுத்தி, மனிதர்களிடம் அளந்து பார்த்து, கிடைத்ததைக் கிடைத்தபடியே எழுதியிருக்கிறார்கள். நம் கொல்லையிலும் மாடித் தொட்டியிலும் நிற்கிற செடிகளில் எத்தனைக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது?

செடி எதையும் நமக்காகச் சமைப்பதில்லை. ஓடவோ ஒளியவோ முடியாத உயிர் அது. கடிக்க வரும் புழுவை விரட்டவும், பூஞ்சையைத் தடுக்கவும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கவும், வண்டை அழைக்கவும் அது வேதிப்பொருள்களைச் செய்துகொள்கிறது. கற்பூரவல்லி இலையைக் கசக்கினால் வரும் காரமான வாசனை கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு எண்ணெய்ப் பொருள்களால் வருவது. ஓமத்திலும் இருப்பது தைமால்தான். அதனால்தான் இந்தச் செடிக்கு ஓமவல்லி என்றும் பெயர். மூக்கால் மோந்து பெயர் வைத்தவர்கள் வேதியியலைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். துளசியில் யூஜினால் இருக்கிறது. கிராம்பின் வாசனையும் அதுவே. இவை கிருமியைக் கொல்லும் என்பது ஆய்வுக்கூடத் தட்டில் பலமுறை நிரூபணமானது. ஆனால் தட்டில் ஊற்றும் அளவு வேறு. இரண்டு இலையை மென்ற பிறகு இரத்தத்துக்குப் போய்ச் சேரும் அளவு வேறு. (துளசி ஓசோன் விடுகிறது என்று கைப்பேசியில் சுற்றும் செய்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. எந்தச் செடியும் ஓசோன் விடுவதில்லை.)

ஒரு பொருள் செடியில் இருக்கிறது என்பது ஒரு சேதி. அது நம் குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, வேலை செய்ய வேண்டிய இடத்துக்குத் தேவையான அளவில் போய்ச் சேர்கிறதா என்பது தனிச் சேதி. பத்திரிகைகளின் மூலிகைப் பக்கங்கள் முதல் சேதியோடு நின்றுவிடுகின்றன. "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது" என்ற ஒரு வரியில் எல்லாம் முடிந்துபோகிறது. பச்சையாக, சிவப்பாக, நீலமாக இருக்கிற எந்தத் தாவரப் பாகத்தையும் சோதனைக் குழாயில் இட்டால் அந்த முடிவு வந்துவிடும். உணவுகளின் இந்தத் திறனை எண்ணாகப் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012இல் அந்தப் பட்டியலையே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் கிடைத்த எண்ணுக்கும் மனித உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியவில்லை, விற்பவர்கள்தான் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இருப்பதற்கும் பயன்படுவதற்கும் நடுவே உள்ள தூரத்தைக் காட்ட நித்தியகல்யாணியைவிட நல்ல சாட்சி கிடையாது. மடகாஸ்கரைத் தாய்நிலமாகக் கொண்ட இந்தச் செடி, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வருடம் முழுக்கப் பூக்கும். சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஆடு மாடு கடிக்காது. ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார்கள். 1952இல் அங்கிருந்து ஒரு கடித உறையில் சில இலைகள் கனடாவில் ஒரு மருத்துவருக்கு வந்தன. அவர் அவற்றை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தன் தம்பி ராபர்ட் நோபிளுக்குக் கொடுத்தார். நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோது எலிகள் தொற்று வந்து செத்தன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன.

வேறு யாராவது இருந்தால் அத்தோடு மூடிவைத்திருப்பார்கள். வெள்ளை அணுவைக் குறைக்கிற பொருள், வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற இரத்தப் புற்றுநோயில் உதவலாமே என்று நோபிளுக்குத் தோன்றியது. நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தார் அதே செடியைத் தனியே ஆராய்ந்து வின்கிறிஸ்டினைக் கண்டெடுத்தார்கள். 1963இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே கயிறு போலக் கட்டப்படும் நுண்குழல்களை இவை கட்டவிடாமல் தடுக்கின்றன. அணு பிரிய முடியாமல் மடிகிறது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிணநீரணு இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் அனேகமாக மரணத் தீர்ப்பு. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் சேர்த்துக் கொடுக்கப்படும் பல மருந்துகளில் வின்கிறிஸ்டின் இன்றும் ஒன்று.

அளவைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும்; வின்கிறிஸ்டினுக்கு அதைப்போலப் பல மடங்கு. தமிழ்நாட்டின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பணப்பயிராக விளைவது இதற்காகத்தான். 2022இல் ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழு, மரபணு மாற்றிய ஈஸ்டில் வின்பிளாஸ்டினின் இரு பாதிகளை உருவாக்கி, அவற்றை இணைத்துக் காட்டியது. அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் நம் விவசாயிக்கு என்ன ஆகும் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

நித்தியகல்யாணிப் பூவையோ இலையையோ சர்க்கரைக்கென்று வெறும் வயிற்றில் உட்கொள்பவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ள இலை அது. எந்த இலையில் எது எவ்வளவு என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்கில் அளந்து, வெள்ளை அணுவை எண்ணிப் பார்த்துக்கொண்டே ஏற்றுகிற மருந்தின் தாய்ச்செடியை, வீட்டில் கைப்பிடிக் கணக்கில் கொதிக்கவைத்துக் குடிக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மல்லிகை ஆய்வு வந்த அதே 1988இல் இன்னொரு தமிழ்நாட்டுச் செடி உலகப் புகழ் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியைப் பற்றிய கட்டுரையை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கிருமியை உடலில் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கும் நாட்டில் இந்தச் சேதி எப்படி ஒலித்திருக்கும்!

பிறகு நடந்ததைத் தமிழில் யாரும் அதிகம் எழுதுவதில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. வேறு இடங்களிலும் முதல் முடிவு அதே வலுவோடு திரும்பவில்லை. எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2011இல், நம்பத்தகுந்த பலன் நிறுவப்படவில்லை என்று எழுதியது. மண் வேறு, பருவம் வேறு, உருவத்தில் ஒத்த வேற்றினங்கள் கலந்திருக்கலாம், முதல் ஆய்வு சிறியது என்று காரணங்கள் பல சொல்லலாம். எது சரியான காரணம் என்று கண்டறியும் அளவுக்குப் பெரிய ஆய்வைப் பிறகு நாம் முனைந்து செய்யவில்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான். ஆய்வு தோற்றுப்போனதில் அவமானம் இல்லை; பாதியில் விட்டதில் இருக்கிறது.

இங்கே வேறொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் தண்ணீரால் பரவும் காமாலை (ஹெபடைட்டிஸ் ஏ, ஈ) பெரும்பாலானவர்களுக்கு ஓய்வும் பத்தியமும் இருந்தால் தானாகவே தீரும். அந்த நாள்களில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். நாள்பட்டு உடலில் தங்கிவிட்ட ஹெபடைட்டிஸ் பி அப்படியில்லை. அதற்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி உண்டு; அதன் இடத்தில் வைக்க எந்த இலையும் இல்லை.

கொல்லையிலிருந்து மருந்துக்கடை வரை ஒழுங்காக நடந்து போன செடி ஆடாதோடை. ஆடுகூடத் தொடாத இலை என்று பெயருக்கே விளக்கம் சொல்வார்கள். அதனால்தான் வேலிக்கு நடுவது. உதகமண்டலத்தில் மதராஸ் அரசின் சின்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், 1888இல் இதன் இலையிலிருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார். முக்கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் அந்த மூலக்கூறின் அமைப்பைப் பின்பற்றி புரோம்ஹெக்சினைச் செய்தார்கள். அது உடம்புக்குள் போய் மாறும் வடிவம் ஆம்புராக்சால். இருமல் மருந்துப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரு பெயர்களில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். சளியை இளக்குவது இவற்றின் வேலை. ஆடாதோடை கொடுத்தால் பாடாத நாவும் பாடும் என்று ஊரில் சொன்னதும் இதைத்தான். அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இந்தக் கஷாயம் ஆகாது. மூலிகைப் பக்கங்களில் இந்த எச்சரிக்கை விடுபட்டுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நிறங்களின் கதை வேறு. செண்டுமல்லி இதழில் இருக்கும் ஆரஞ்சு மஞ்சள் பெரும்பாலும் லூட்டீன். சத்தியமங்கலம், தாளவாடி, ஓசூர்ப் பக்கங்களில் மாலைக்குப் போகாத செண்டுமல்லி டன் கணக்கில் சாறெடுக்கும் ஆலைக்குப் போகிறது. அதில் கணிசமான பங்கு கோழித் தீவனத்தில் சேர்ந்து முட்டைக் கருவை மஞ்சளாக்குகிறது. இன்னொரு பங்கு கண் மாத்திரையாகிறது. விழித்திரையின் நடுவே, கூர்மையாகப் பார்க்க உதவும் மாக்குலா என்ற புள்ளியில், லூட்டீன் தானாகச் சேர்ந்து நீல ஒளியை வடிகட்டுகிறது. முதுமையில் அந்தப் புள்ளி சிதைவதை லூட்டீன் தடுக்குமா என்று அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தது. முடிவு 2013இல் வந்தது: ஏற்கெனவே கொடுத்துவந்த சத்து மாத்திரையோடு லூட்டீனைச் சேர்த்ததால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை, ஆனால் அந்த மாத்திரையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டியதால், அதற்குப் பதிலாக லூட்டீனை வைப்பது நல்லது. இலை பச்சையாக இருந்தாலே அதில் லூட்டீன் இருக்கும். செண்டுமல்லியைக் குடிக்க வேண்டியதில்லை. கீரை உண்டால் போதும். அந்தச் செடியின் நிஜமான வீட்டுப் பயன் வேரில் இருக்கிறது. வேர் கசியவிடும் டெர்தயினில் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லும். தக்காளிப் பாத்தியின் நடுவே செண்டுமல்லி வைப்பவர்கள் காரணத்தோடுதான் வைக்கிறார்கள்.

சங்குப்பூவின் நீலம் டெர்னாட்டின் என்ற ஆந்தோசயனின் வகை. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட அழகான அமிலச் சோதனை இல்லை. 2021இல் அமெரிக்கா இதன் சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது. மறுவருடமே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், காய்ந்த பூவை உணவாக விற்பதற்குப் பாதுகாப்புக் காரணம் காட்டி ஆட்சேபம் தெரிவித்தது. வளையம் போல முடிந்திருக்கும் சைக்ளோடைடு என்ற சிறுபுரதங்கள் இந்தச் செடியில் இருப்பது அதற்கு ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் சங்குப்பூச் செடியின் சாறு பருத்திக்குப் பூச்சிமருந்தாக விற்கப்படுவதும் உண்டு. எப்போதோ ஒரு கோப்பை நீலத் தேநீர் குடித்தவர் பயப்பட வேண்டாம். ஆனால் நினைவாற்றலுக்கென்று தினமும் குடிக்கச் சொல்பவரிடம் மனிதரில் செய்த ஆய்வு எங்கே என்று கேட்கலாம்.

செம்பருத்தியில் நடந்திருப்பது ஆள்மாறாட்டம். 2010இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 65 பேரிடம் ஆறு வாரம் செய்த ஆய்வில், தினம் மூன்று கோப்பை ஹைபிஸ்கஸ் தேநீர் குடித்தவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது. போலித் தேநீர் குடித்தவர்களுக்கு 1.3. நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தத் தேநீர் நம் வாசல் செம்பருத்தியிலிருந்து வந்ததல்ல. சிவப்புப் புளிச்சையின் புளிப்பான புல்லி இதழிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். செடி வேறு, வேதிப்பொருள்களின் சேர்க்கை வேறு. கடையில் செம்பருத்தித் தேநீர் என்று எழுதி, உள்ளே வாசல் செம்பருத்தியின் காய்ந்த இதழை வைத்து, மேலே அந்த ஆய்வின் பலனை அச்சடித்திருக்கிறார்கள். நம் செம்பருத்தி இலையின் வழுவழுப்பு தலைக்குத் தேய்க்க அருமையானது. அந்தப் பெருமை அதற்குப் போதும்.

ஆவாரம்பூவின் நிலை இன்னும் ஏக்கம் தருவது. சர்க்கரை நோயுள்ள எலிகளில் அதன் சாறு சர்க்கரையைக் குறைத்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002லேயே காட்டிவிட்டார்கள். கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. நாட்டு மருந்துக் கடைகளில் ஆவாரம்பூ விற்பனை பெருகியிருக்கிறது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பெரிய ஆய்வு மட்டும் வரவில்லை.

இத்தனை சந்தேகத்துக்கு நடுவே சந்தேகமே தேவைப்படாதவை சமையலுக்குப் பறிக்கும் இலைகள். 100 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பசும்பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் ஏராளம். கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால், எண்ணெயில் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவும் நம் வழக்கம் வெறும் ருசிக்கானது மட்டுமல்ல. கீரையின் இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது; கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டதும் தேநீர் குடித்தால் குறையும். முருங்கை இலையை மென்றால் வரும் இலேசான காரம் கடுகுக் குடும்பத்தில் இருப்பதுபோன்ற கந்தகச் சேர்மம். அதன் மருத்துவப் பலனைப் பற்றி ஆய்வுகள் நடக்கின்றன. அவை முடியும்வரை கீரையைக் கீரையாக உண்பதில் நட்டம் ஒன்றுமில்லை. கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்காமல் மென்று விழுங்குங்கள். அதன் ஆல்கலாய்டுகளைப் பற்றிய பெரிய வாக்குறுதிகளை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

அழகுக்கு வைத்த செடிகளில் விஷம் உள்ளவையும் உண்டு. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் உள்ளது. அது இதயத் துடிப்பின் தாளத்தையே குலைக்கும். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களின் நைவேத்தியத்திலிருந்து அரளிப்பூவை விலக்கியது சரியான முடிவு. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அரளி வேண்டாம். மஞ்சள் அரளி வேண்டவே வேண்டாம். மருதாணியின் சிவப்பு லாசோன் என்ற பொருளால் வருவது. பெரியவர்களின் கைக்கு அழகு. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தையின் தோலில் பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். கைக்குழந்தைக்கு மருதாணி வைக்காதீர்கள்.

வேலூரில் ஒரு பூவை வைத்துச் செய்ததை ஆவாரம்பூவுக்கும் கீழாநெல்லிக்கும் செய்ய முடியும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நோயாளிகளும் இருக்கிறார்கள், செடியும் இருக்கிறது, தலைமுறைகளாகக் கொடுத்துப் பார்த்த வைத்தியர்களும் இருக்கிறார்கள். சரியான இனத்தை அடையாளம் கண்டு, சாற்றின் அளவை நிலைப்படுத்தி, சில நூறு பேரிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். பலன் இல்லை என்று வந்தால் அதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டே கூடவே கஷாயமும் குடிக்கும் வீடுகள் ஏராளம். மருத்துவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. புது மாத்திரை எழுதி வாங்கும்போதும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதும், வீட்டில் எந்த இலையை, எந்தப் பூவை, எவ்வளவு நாளாக உட்கொள்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.